அண்ணை பால் காய்ச்சிய வீடு

பாரிஸின் லாச்சப்பலில் புதிதாக வந்திறங்கி, படுக்க இடமில்லாமல் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே பையோடு நிற்பவனைக் கண்டால், அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் ஒரே பதில்தான் சொல்வார்கள். "அண்ணையிட்டைப் போ." எந்த அண்ணை என்று கேட்கத் தேவையில்லை. ரூ பெர்தொனே தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேலே, படி ஏறி மூச்சு முட்டுகிற உயரத்தில் அவருடைய அறை. தட்டினால் ஆள் யார், ஊர் எது, விசா இருக்கிறதா என்றெல்லாம் கேட்கமாட்டார். கதவை அகலத் திறந்து, தான் ஒரு பக்கம் ஒதுங்கி நின்று, "வா, இடமிருக்கு" என்பார்.

உள்ளே பார்த்தால் இடம் இருக்காது. மெத்தைக்குப் பக்கத்தில் மெத்தை. அவற்றுக்கு நடுவில் கால் வைக்கிற அளவுக்கு ஒரு ஒழுங்கை. சுவரில் சாமிப்படம், அதற்குக் கீழே ஆணியில் தொங்கும் ஈரக் காற்சட்டைகள்.

நானும் அப்படித் தட்டியவன்தான். உள்ளே வந்ததும் எனக்குத் தோன்றிய முதல் யோசனை, நெருப்புப் பிடித்தால் இத்தனை பேரும் இந்த மரப்படியால் எப்படி இறங்குவது என்பது. இரண்டு நாள் அடக்கி வைத்துவிட்டு அவரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நீ கதவடியிலை படு. முதல் ஆளா ஓடலாம்."

கதவடி அவர் படுத்த இடம். அன்றிலிருந்து அவர் குசினிக்குள் போய், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே தலையை வைத்து, முழங்காலை மடித்துப் படுத்தார். மூன்று மாதம் கழித்து நான் வேறு இடம் போனபோதும் அவர் அங்கேதான் படுத்தார். கதவடிக்கு அதற்குள் வேறொருவன் வந்துவிட்டான்.

எங்களிடம் இருக்கிற பழைய படங்கள் எதை எடுத்துப் பார்த்தாலும் அண்ணை பாதிதான் இருப்பார். ஒரு தோள், ஒரு காது, அல்லது யாருடையவோ கழுத்தில் போட்ட கை மட்டும். எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லி, தான் விளிம்புக்குப் போய், விளிம்புக்கு வெளியிலும் போய்விடுவார். லாச்சப்பலில் தேர் இழுக்கிற நாளில் பின்னால் நிற்பவர்களை "முன்னுக்கு வாங்கோ, முன்னுக்கு வாங்கோ" என்று விட்டு விட்டு, கடைசியில் ஒரு கடையின் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தேர்முடியை மட்டும் பார்த்துக் கும்பிடுவார்.

இந்த மனிதருக்கு ஊரில் ஒரு மனைவி இருந்தார். ஒரு மகளும். அவர் வெளிக்கிட்ட நேரம் மகள் தவழ்கிற குழந்தை. இங்கே அவருடைய அகதி வழக்கை ஏற்கவில்லை. பல வருடம் ஒளித்து ஒளித்து வேலை செய்தார். ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி அடுப்படிக்கு உயர்ந்து, கடைசியில் அந்த வேலையைக் காட்டித்தான் விசா எடுத்தார். அதன்பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போய்வந்தார். வவுனியாவில் மனைவியின் தமக்கை வீட்டில், விறாந்தையை மறித்துக் கட்டிய ஒரு அறையில் அவர்கள் இருந்தார்கள்.

அந்த விசாவோடு குடும்பத்தைக் கூப்பிடலாம். ஆனால் வீடு காட்ட வேண்டும். மூன்று பேருக்கு இத்தனை மேத்ர் காரே, சதுர மீற்றர், என்று ஒரு அளவு. மெரியிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, ஆள் வந்து அளப்பார்கள்.

அதிலிருந்து அண்ணைக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவருக்குக் குதிக்காலும் பெருவிரலும் முட்ட முட்ட நடப்பார். பிறந்தநாள் வீட்டில் நடந்தார். ஒருமுறை செத்தவீட்டிலும் நடந்தார்.

"அண்ணை, இஞ்சையுமோ?" என்று நான் காதுக்குள் கேட்டேன்.

"கால் தன்ரபாட்டிலை போகுதடா."

பிறகு பாரிசுக்கு வெளியே சார்செலில், உயரமான அடுக்குமாடி ஒன்றில், இரண்டு அறையும் குசினியுமாக ஒரு வீடு கிடைத்தது. அளவு சரி. மகளுக்கு என்று சின்ன அறைக்கு ஊதா நிறத்தில் திரைச்சீலை தைப்பித்தார். "இனி ஒருத்தரும் இல்லை. மெத்தை எண்ட பேச்சே இல்லை" என்று லாச்சப்பலில் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அந்த மாதமே, நான் இருந்த வீட்டை வீட்டுக்காரன் விற்றுவிட்டதால், நான் போய்த் தட்டினேன். எனக்குப் பிறகு இன்னொருவர். பிறகு நாரிப்பிடிப்போடு, இடுப்பை நிமிர்த்த ஏலாத ஒரு முதியவர். அவரை மட்டும் சின்ன அறையில், ஊதாத் திரைக்குப் பக்கத்தில் படுக்கவிட்டார். "நாரி சுகமாகும் மட்டும்" என்றார். அந்த நாரி கடைசிவரை சுகமாகவில்லை.

மெரியிலிருந்து அளக்க வருகிறார்கள் என்று நாள் தந்தார்கள். நாங்கள் எல்லா மெத்தைகளையும் நிலவறைக்கு இறக்கினோம். மற்றவர்கள் சந்தைப் பக்கம் போய்விட்டார்கள். அண்ணையைவிட எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் கூட ஓடும் என்பதால் நான் நின்றேன்.

வந்தவர் ஒரு பெண். சிவப்பு வெளிச்சம் அடிக்கிற சின்னக் கருவி ஒன்றைச் சுவரில் பிடித்துப் பிடித்து எண்ணைப் பார்த்தார். சமையலறையில் காற்றுப் போகிற துவாரத்தைப் பார்த்தார். ஊதாத் திரையைத் தொட்டு, "அழகாக இருக்கிறது" என்றார். அண்ணை தன் மகளின் வயதைச் சொன்னார். எல்லாம் முடிந்து அந்தப் பெண் கருவியைப் பைக்குள் வைக்கிறார், அழைப்புமணி அடிக்கிறது.

நான் திறக்கவேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அண்ணை திறந்துவிட்டார். வெளியே தலை நரைத்த ஒரு ஆள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. கார் து நோர் நிலையத்திலிருந்து யாரோ ரெயின் ஏற்றி அனுப்பிவிட்டிருக்கிறார்கள்.

அண்ணை ஒதுங்கி நின்றார். "வாங்கோ, உள்ளை வாங்கோ, இடமிருக்கு."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனால் பையைப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். மெத்தைகளை எல்லாம் இறக்கிய நாங்கள் சப்பாத்துகளை மறந்துபோயிருந்தோம். ஆம்பிளைச் சப்பாத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு குவியல். இவை யாருடையவை என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத பிரெஞ்சில் அண்ணை, "நண்பர்கள்" என்றார்.

மறுத்துவிட்டார்கள்.

நான் அவரோடு சண்டை பிடித்தேன். "பத்து நிமிசம், அண்ணை. அந்தாளைப் பத்து நிமிசம் படியிலை நிப்பாட்டியிருக்கலாம். கீழை போய் நில்லுங்கோ எண்டு சொல்லியிருக்கலாம்."

"அந்தாள் பையை நிலத்திலை வைக்கேல்லையடா" என்றார். "கதவு திறக்கும் மட்டும் கையிலையே வைச்சுக்கொண்டு நிண்டது. நீ பாக்கேல்லையே?"

போன மாரியில் அண்ணை இறந்துபோனார். அந்தச் சார்செல் வீட்டில்தான், காலை நேரம், வேலைக்குச் சப்பாத்துப் போடக் குனிந்தபடி. நான் இப்போது பியர்ஃபித்தில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறேன். பிள்ளைகள் தங்கள் தங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டால், அவர் எங்களுக்குத் தந்த இடம் உண்மையில் யாருடையது என்ற நினைப்பு வரும். அவர் அதை நினைத்திருப்பாரா என்று தெரியாது. நினைத்திருப்பார். ஒரு திங்கட்கிழமையை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறேன்.

மறுத்த பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாம், ஆனால் காலம் எடுக்கும். மகளுக்குப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு முடிந்தால் பிள்ளை என்ற கணக்கில் அவளைக் கூப்பிட ஏலாது. தாயை மட்டும் கூப்பிடலாம். மகளை விட்டுவிட்டுத் தாய் வரமாட்டார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவர் முன்னால் கதைப்பதில்லை.

அந்த நேரம்தான் அவரோடு வேலை செய்த, பரிமாறுகிற ஒரு பிரெஞ்சுப் பெடியன், தன் பெரியப்பாவுக்கு பெல்ஜியம் எல்லையில் பாழடைந்த பண்ணைவீடு ஒன்று இருக்கிறது, கேட்பாரில்லை, பாரிஸில் கார் நிறுத்துகிற இடம் வாங்குகிற காசுக்குத் தந்துவிடுவார் என்று சொன்னான். பேச்சுக்குச் சொன்னதுதான். அண்ணை பிடித்துக்கொண்டார்.

"எத்தினை அறையெண்டு அவனுக்கே தெரியாதாமடா. கோட்டை மாதிரிக் கட்டினதாம். அளக்க வாற மனுசி நாள் முழுக்க அளக்க வேண்டி வரும்."

"கூரை இருக்கோ அண்ணை?"

"போடலாம்."

"வேலைக்கு எப்பிடிப் பாரிசுக்கு வருவியள்?"

"ரெயின் ஓடுதுதானே. அதோடை, அங்கை ஒரு சனமும் தேடி வந்து மணி அடிக்காது."

உணவகம் திங்கட்கிழமைகளில்தான் பூட்டு. அதனால் திங்கட்கிழமை போவதாக முடிவு. காலையில் கார் து நோரில் அவரைப் பார்த்தபோது கையில் ஒரு பெரிய பை. உள்ளே லாச்சப்பலில் வாங்கிய புதுப் பானை, பால், சர்க்கரை, கற்பூரம், முகாம் போகிறவர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு குட்டி காஸ் அடுப்பு.

"அண்ணை, வீடு பாக்கத்தானே போறம்?"

"கலண்டரிலை இண்டைக்கு நல்ல நாள். பால் காய்ச்சிற நாளும் திங்களும் ஒண்டா வாறது எப்பவோ ஒருக்கா. வாங்கினாப் பிறகு நாள் தேடினால் ஆடி வந்திடும்."

இன்னொருத்தனின் வீட்டில், விலை பேசாமல், நாங்கள் போய்ப் பால் காய்ச்சப்போகிறோம். ரெயினுக்குள் காஸ் கொண்டுபோகலாமா என்று எனக்குத் தெரியாது. சோதனைக்காரர் வந்தபோது நான் பையைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடி நித்திரை போல இருந்தேன்.

பெரிய ரெயின், பிறகு இரண்டு பெட்டி மட்டும் உள்ள சின்ன ரெயின். இறங்கிய இடத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அந்தப் பெரியப்பா ஒரு பழைய வான் வண்டியோடு நின்றார். பெரிய கைகள், இறப்பர்ச் சப்பாத்து, கதைக்க ஆளில்லாதவரின் கதை. மேடும் பள்ளமுமான புல்வெளிகள், வேலிகள், மாடுகள். போகப் போக வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. திடீரென்று என் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால், பெல்ஜியத்துக்கு உங்களை வரவேற்கிறோம் என்று செய்தி. என்னிடம் அப்போது விசா இல்லை. தற்காலிகத் துண்டுதான்.

"அண்ணை, நாடு மாறீட்டம். இறக்கச் சொல்லுங்கோ."

பெரியப்பா சிரித்தார். தூரத்தில் தெரிந்த ஒரு வரிசை மரங்களைக் காட்டி, அதற்கு அங்காலேதான் பெல்ஜியம், இங்கே போன்களுக்குத்தான் எல்லை தெரியாது என்றார்.

வீடு ஒரு பள்ளத்துக்குள் நின்றது. செங்கல் சுவர்கள், ஒவ்வொன்றும் என் கை நீளத்துக்குத் தடிப்பு. மூலையில் உருண்டையாக ஒரு கோபுரம், தலை உடைந்தது. வண்டி போகிற அளவுக்கு வளைவு வாசல், கதவு இல்லை. உள்ளே முற்றம் முழுக்கத் தொட்டால் எரிக்கிற செடி. கூரை விழுந்து மண்ணாகி, அந்த மண்ணில் மரம் முளைத்து, மரம் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்த சரித்திரப் புத்தகத்தில் இந்த ஊர்கள் வரவில்லை. பெரியப்பாதான் சொன்னார். முந்தி இந்த எல்லை ஒரு இடத்தில் நின்றதில்லையாம். படைகள் வந்து வந்து போகும். வருகிறவர்கள் மாட்டையும் தானியத்தையும் பிடுங்கிவிட்டு, வைக்கோலுக்கு நெருப்பு வைப்பார்கள். அதனால்தான் கமக்காரர்கள் வீட்டையே கோட்டையாகக் கட்டினார்களாம்.

"எந்தப் பக்கத்துப் படை?" என்று அண்ணை கேட்டார்.

"எல்லாப் பக்கமும்தான்" என்றார் பெரியப்பா.

அண்ணை தலையை ஆட்டினார். பக்கத்து ஊர்க்காரன் சொன்ன செய்தியைக் கேட்டவர் போல.

பிறகு அவர் நடக்கத் தொடங்கினார். செடிகளை மிதித்து, குதிக்காலும் பெருவிரலும் முட்ட முட்ட. சுவருக்குச் சுவர். சேறு சப்பாத்துக்கு மேலால் ஏறியது. "இது பிள்ளைக்கு. இஞ்சை யன்னல் கிழக்கு. அங்கை சாமியறை. இது விருந்தாளியளுக்கு" என்றார். கொஞ்சம் நின்று, "இல்லை, இதுவும் பிள்ளைக்குத்தான். படிக்கிற அறை" என்று மாற்றினார். அவர் அப்படி ஒரு இடத்தைத் திருப்பி எடுத்ததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஒரு அறையில் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரத்துக்கு அடுப்பு வாய். புகைபோக்கி மட்டும் வானத்துக்குப் போய் நின்றது. அதற்குள் காஸ் அடுப்பை வைத்து, பானையில் திருநீறு பூசி, பாலை ஊற்றினார். காற்று நெருப்பைத் தின்றது. நான் என் ஜாக்கெட்டைக் கழற்றி மறைத்துப் பிடித்தேன். ஜாக்கெட் எரியுமோ என்று பார்த்துக்கொண்டே பிடித்தேன். பால் பொங்கி விளிம்புக்கு வர, பெரியப்பா பாய்ந்து வந்து அடுப்பைக் குறைக்கக் கையை நீட்டினார்.

"வேண்டாம் முசியே, விடுங்கோ, விடுங்கோ" என்று அண்ணை தமிழிலேயே கத்தி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பால் பொங்கி வழிந்தது. கிழக்குப் பக்கம்தான். அண்ணை கும்பிட்டார். பெரியப்பாவும் தொப்பியைக் கழற்றினார்.

மூன்று பேரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். அதன்பிறகு அண்ணை போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டார். அதுவரை ஊருக்கு ஒன்றும் சொல்லவில்லையாம்.

மகள்தான் எடுத்தாள். பள்ளிக்கூட உடுப்போடு இருந்தாள். அண்ணை வாசலைக் காட்டினார், முற்றத்தைக் காட்டினார், பால் பானையைக் காட்டினார்.

"கூரை எங்கை அப்பா?"

"போடுவமடா குஞ்சு. கூரை ஒரு வேலையோ?"

"ஐயோ அப்பா, மரம் உள்ளுக்கை நிக்குது." அவள் சிரித்தாள். பிறகு, "உது என்னப்பா, சுவரிலை ஓட்டை ஓட்டையா?" என்றாள்.

"அது காத்து வர வைச்சது."

மனைவி போனை வாங்குவது தெரிந்தது. "இஞ்சேருங்கோ. அந்தச் சுவரை ஒருக்காக் காட்டுங்கோ."

அண்ணை காட்டினார்.

"கிட்டப் போங்கோ."

போனார். நெஞ்சு உயரத்தில், வரிசையாக, கை போகிற அளவில் துவாரங்கள். நான் அதுவரை அவற்றைக் கவனிக்கவில்லை.

தமக்கை வீட்டில் யாரோ தண்ணீர் அள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"காத்துக்கு ஆரப்பா உள்ளுக்கை அகலமாயும் வெளியிலை ஒடுக்கமாயும் விடுவினம்?" என்றார் மனைவி. குரல் உயரவில்லை. "உது துவக்கு வைக்கிற ஓட்டை. நான் பள்ளிக்கூடம் போற வழியிலை ஆமிக் காம்புச் சுவரிலை உதுதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் உதுக்கு முன்னாலைதான் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனனான்."

"அது அந்தக் காலமப்பா. இவை பாவங்கள், கமக்காரர். களவெடுக்க வாறவைக்கு..."

"நான் வெளியிலை நிண்டு பாத்த ஓட்டை. இனி உள்ளை இருந்து பாக்க எனக்கு விருப்பமில்லை. நாங்கள் இஞ்சையே இருக்கிறம். நீங்கள் கவலைப்படாதேங்கோ. சாப்பிட்டியளோ?"

"ஓம்" என்றார் அண்ணை.

"அப்ப வைக்கிறன்."

அண்ணை போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். நான் ரெயின் நேரத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சின்ன ரெயினை விட்டால் அடுத்தது எத்தனை மணிக்கோ. அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. குனிந்து ஒரு உடைந்த செங்கல்லை எடுத்தார். முதலாவது துவாரத்துக்குள் வைத்து உள்ளங்கையால் இடித்தார். உள்ளே அகலம், வெளியே ஒடுக்கம் என்பதால் கல் போய் இறுகி நின்றது. முற்றத்துச் சேற்றை அள்ளி அதன்மேல் அப்பித் தடவினார். அடுத்ததுக்குப் போனார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். என்ன செய்கிறார் என்று கேட்டார்.

"அவருடைய மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது" என்று எனக்கு வந்த பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் கூரையில்லாத மேற்பக்கத்தை ஒருதரம் பார்த்தார். வான் வண்டிக்குப் போய் ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்தார். வைக்கோலைச் சேற்றில் பிசைந்தால் நல்லாய்ப் பிடிக்கும் என்று செய்து காட்டினார். பிறகு நானும் கையைச் சேற்றுக்குள் விட்டேன். மூன்று பேரும் சுவரோடு சுவராகப் போனோம். ஒவ்வொரு துவாரமும் அடைபட, நிலத்தில் விழுந்து கிடந்த வெளிச்சத்தில் ஒரு துண்டு இல்லாமல் போனது.

அந்தச் சுவர் முடிந்ததும் அண்ணை காற்சட்டையில் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். திரையில் சேறு பட்டது. சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து எண்ணை அழுத்தினார்.

மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். "வேலையா நிப்பா" என்றார் என்னைப் பார்க்காமல். பெரியப்பா வானை இயக்கி வைத்துவிட்டு வாசலில் காத்து நின்றார்.

மணி போய்க்கொண்டே இருந்தது. அண்ணை போனைத் தன் முகத்துக்கு நேரே வைக்கவில்லை. ஈரம் காயாத சுவருக்கு நேரே, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். எடுத்தவுடனே மனைவி முதலில் சுவரைப் பார்க்கவேண்டும் என்று.